மெயின்டனன்ஸ் ஒரேடியா ஏத்திட்டாங்க, கணக்கு கேட்டா பதில் இல்ல... பாண்டில அபார்ட்மென்ட்ல இருக்கறவங்க கொஞ்சம் சொல்லுங்க

லாஸ்பேட்டை_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். லாஸ்பேட்டைல 36 வீடு இருக்கற ஒரு நாலு மாடி அபார்ட்மென்ட்ல ரீசேல்ல ஒரு ஃப்ளாட் வாங்கி அம்மா அப்பாவோட இருக்கேன், மூணாவது மாடி, 1080 சதுரடி. இது வரைக்கும் சதுரடிக்கு 2.50 வீதம் மாசம் 2700 கட்டிட்டு இருந்தோம். இப்ப ஏப்ரல்ல இருந்து 4 ரூபாய்னு சொல்லி 4320 கேக்கறாங்க. அதுக்கு மேல மொட்டை மாடி வாட்டர் ப்ரூஃபிங், வெளிச்சுவர் பெயின்ட், கீழ பார்க்கிங்ல தூண் ரிப்பேர் இதுக்கெல்லாம் வீட்டுக்கு 85,000 தனியா, மூணு தவணைல கட்டணுமாம். இதுக்கு மீட்டிங் எதுவும் போடல, கதவுக்கு அடியில ஒரு லெட்டரை தள்ளிட்டு போயிட்டாங்க, அவ்வளவுதான்.

நான் குரூப்ல மரியாதையா தான் கேட்டேன், கொட்டேஷன் எத்தனை வாங்கினீங்க, போன வருஷ வரவு செலவு கொஞ்சம் போடுங்கன்னு. கமிட்டி முடிவு பண்ணியாச்சு, இஷ்டம் இல்லன்னா வித்துட்டு போங்கன்னு செக்ரட்டரி பதில் போட்டார், அன்னைக்கு ராத்திரியே என்னை குரூப்ல இருந்து எடுத்துட்டாங்க. அப்பா ரிட்டயர்ட் வாத்தியார், அவருக்கு இந்த மாதிரி பேச்செல்லாம் தாங்கல.

அதே லெட்டர்ல புது ரூல்ஸ் வேற. மொட்டை மாடில துணி காயப் போடக் கூடாது, வத்தல் வடாம் போடக் கூடாது, வீட்டு வேலைக்கு வர்றவங்க லிஃப்ட்ல ஏறக் கூடாது, கருவாடு வறுத்தா பக்கத்து வீட்ல கம்ப்ளெய்ன்ட் வந்தா ஃபைன், எல்லாத்துக்கும் 500 ரூபாய். மூணு மாசம் பாக்கி வெச்சா தண்ணி கனெக்‌ஷனை கட் பண்ணுவோம்னும் போட்டிருக்காங்க. எங்க வீட்டுக்கு வர்ற அக்காவுக்கு முட்டி வலி, அவங்க மூணு மாடி ஏறி வர்றதை பாத்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியல.

இன்னொன்னு, 36ல 9 வீட்டை ஓனருங்க ஆன்லைன் புக்கிங்ல சனி ஞாயிறு டூரிஸ்ட்டுக்கு விடறாங்க. பெங்களூர், சென்னைல இருந்து ஒரு ஃப்ளாட்டுக்கு எட்டு பேர் பத்து பேர் வர்றாங்க, ஞாயித்துக்கிழமை காலைல டேங்க் காலி, டேங்கர் லாரி கூப்பிடறாங்க, அந்த செலவும் எங்க தலைல தான். அந்த ஒன்பது பேருல ரெண்டு பேரு கமிட்டில இருக்காங்க.

கணக்கு காட்டற வரைக்கும் மெயின்டனன்ஸே கட்டாம நிறுத்திடலாம்னு என் தம்பி சொல்றான். அது சரியா? தண்ணிய நிஜமாவே கட் பண்ண முடியுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ரெட்டியார்பாளையம்_குமரன்:

தம்பி சொல்றது தான் கரெக்ட், ஒரு பைசா கட்டாதீங்க. பணம் வரலன்னா தானா இறங்கி வருவாங்க. எங்க அபார்ட்மென்ட்லயும் இதே கதை தான், கேள்வி கேட்டா எதிரி ஆயிடறோம்.

முத்தியால்பேட்டை_ட்ரெஷரர்:

குமரன் சார் கோவத்துல சொல்றார், ஆனா சிஸ்டர் நீங்க அப்படி செஞ்சுடாதீங்க. நான் இங்க முத்தியால்பேட்டைல 28 வீட்டு அசோசியேஷன்ல ட்ரெஷரர், சம்பளம் இல்லாத வேலை, அதனால அந்தப் பக்கத்து நிலைமையும் எனக்கு தெரியும்.

முதல்ல ஒரு விஷயம், 2.50ங்கறது இன்னைக்கு பாண்டில லிஃப்ட்டு, வாட்ச்மேன் எல்லாம் வெச்சு நடத்த பத்தவே பத்தாது. எங்க கணக்கை அப்படியே சொல்றேன். பகல் ஒருத்தர் ராத்திரி ஒருத்தர்னு வாட்ச்மேனுக்கு 28,000, பெருக்கி துடைக்கற அம்மாவுக்கு 12,000, காமன் கரண்ட் பில்லு சுமாரா 14,000, லிஃப்ட் ஏஎம்சி, அதாவது வருஷ பராமரிப்பு கான்ட்ராக்ட், மாசக் கணக்குல பிரிச்சா 6000, ப்ளம்பர் எலக்ட்ரீஷியன் மோட்டார் ரிப்பேர்னு 8000, சாஃப்ட்னருக்கு உப்பும் டேங்க் கழுவறதும் 4000, ஜெனரேட்டர் டீசல் 3000. கூட்டிப் பாருங்க 75,000 வருது. எங்க மொத்த சதுரடி 28,000. சதுரடிக்கு 2.50 வாங்கினா 70,000 தான் வரும், மாசா மாசம் அஞ்சாயிரம் துண்டு விழும். அதனால தான் நாங்க 3 ரூபாய் ஆக்கினோம், மீதி ஒன்பதாயிரம் கார்பஸ்ல, அதாவது சேமிப்பு ஃபண்டுல போய் உக்காருது. இங்க போர் தண்ணி உப்பு ஏற ஏற மோட்டார் இம்பெல்லர், பைப்பு, கீசர் எல்லாமே சீக்கிரம் போயிடுது, சென்னைல உள்ளே தள்ளி இருக்கற அபார்ட்மென்ட்டோட ஒப்பிட்டு பேசறவங்களுக்கு இது புரியறதில்ல.

ஆனா உங்க கேஸ்ல எனக்கு உறுத்துற இடம் வேற. 36 வீடு, சராசரி 1050ன்னு வெச்சா கிட்டத்தட்ட 38,000 சதுரடி. 2.50க்கு 95,000 வந்துட்டு இருந்துச்சு, 4 ஆக்கினா 1,52,000. மாசம் 57,000 கூடுதலா வாங்கறாங்க. அந்த 57,000 எதுக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்ட முடியாதா? வீட்டுக்கு 85,000ன்னா மொத்தம் 30 லட்சத்து 60 ஆயிரம். அவ்வளவு பெரிய வேலைக்கு மூணு கொட்டேஷன், வேலை விவரம், யாரு மேற்பார்வை, பாதில விட்டுட்டு போனா என்ன பிடித்தம், இதெல்லாம் இல்லாம ஒரு ட்ரெஷரர் செக்ல கையெழுத்து போடக் கூடாது. நான் போட மாட்டேன்.

இன்னொரு கேள்வியும் கேளுங்க. மாசக் கட்டணம் சதுரடிக்கு, ஆனா ஸ்பெஷல் கலெக்‌ஷன் மட்டும் எல்லாருக்கும் ஒரே 85,000மா? 650 சதுரடி சிங்கிள் பெட்ரூம்காரரும் 1500 சதுரடிக்காரரும் ஒண்ணா? உங்க பத்திரத்துல பிரிக்கப்படாத பாகம்னு ஒரு அளவு போட்டிருக்கும், மொட்டை மாடியும் தூணும் அந்த கணக்குல தான் எல்லாருக்கும் சொந்தம், செலவும் அதே விகிதத்துல போனா தான் நியாயம்.

பைலா_படிச்சவன்:

நான் வக்கீல் இல்ல, ஆனா எங்க அசோசியேஷன் சண்டைல இதையெல்லாம் வரி வரியா படிக்க வேண்டியதா போச்சு.

முதல்ல உங்க கட்டடம் எந்த எல்லைக்குள்ள இருக்குன்னு பாக்கணும், நம்ம ஊர்ல இது பெரிய விஷயம். கோட்டக்குப்பம் போனாலே விழுப்புரம் மாவட்டம், கடலூர் போற வழியில ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம், அங்கெல்லாம் தமிழ்நாட்டு சட்டம். தமிழ்நாட்டுல 1994 அபார்ட்மென்ட் சட்டத்தை மாத்தி 2022ல புதுசு கொண்டு வந்து 2024 மார்ச்ல நடைமுறைக்கு வந்துச்சு, சொசைட்டி பதிவுக்கு 1975 சட்டம். லாஸ்பேட்டை புதுச்சேரி யூனியன் பிரதேசம், அதனால அது எதுவும் உங்களுக்கு பொருந்தாது. இங்க அசோசியேஷன்லாம் பெரும்பாலும் 1860ம் வருஷ சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிவாகியிருக்கும். யூட்யூப்ல சென்னை வக்கீல் சொல்றதை அப்படியே எடுத்துக்கிட்டு வந்து பேசினா இங்க எடுபடாது.

அந்த 1860 சட்டம் ரொம்ப சின்னது, இருபது சொச்சம் பிரிவு தான், ஒரு மணி நேரத்துல படிச்சுடலாம். அதுல உங்களுக்கு வேண்டியது நாலஞ்சு இருக்கு. பிரிவு 15 சொல்லுது, மூணு மாசத்துக்கு மேல சந்தா பாக்கி வெச்ச ஆளுக்கு ஓட்டு கிடையாது, மெம்பர் கணக்குலயே வர மாட்டார். அதனால தான் சொல்றேன், உங்க தம்பி பேச்சை கேட்டு நிறுத்திட்டீங்கன்னா நாளைக்கு மீட்டிங்ல கேள்வி கேக்கற உரிமையே உங்க கைய விட்டு போயிடும், அவங்களுக்கு வேண்டியதும் அதுதான். பிரிவு 10படி பாக்கிக்காக சங்கம் உங்க மேல கேஸ் வேற போடலாம். பழைய ரேட் 2700ஐ தகராறு இல்லாம கட்டுங்க, ஏத்தின தொகைய “எதிர்ப்பு தெரிவித்து கட்டுகிறேன்”னு எழுதிக் கொடுத்து கட்டுங்க, ரெண்டுக்கும் ரசீது வாங்குங்க.

அந்த 500 ரூபாய் ஃபைன் இருக்கே, அதுக்கு பிரிவு 9. ஃபைன் போடற விதி முறையா இருக்கணும், சங்கத்தோட ரூல்ஸ்ல அதுக்கு வழி சொல்லலன்னா அதுக்குன்னே பொதுக்குழு கூட்டி வந்தவங்கள்ல அஞ்சுல மூணு பங்கு ஓட்டு வாங்கியிருக்கணும். கதவுக்கு அடியில தள்ளின லெட்டருக்கு அந்த பலம் கிடையாது. ஃபைன் கட்ட முடியாது, எந்த கூட்டத்துல எத்தனை ஓட்டுல பாஸ் ஆச்சுன்னு எழுத்துல சொல்லுங்கன்னு கேளுங்க.

கணக்கு காட்டலன்னு கவலைப்பட்டு அவங்க வாசல்ல நிக்காதீங்க. சங்கப் பதிவாளர் ஆபீஸ்ல அவங்க ஃபைல் பண்ணின பேப்பர் எதையும் யார் வேணா பாக்கலாம், பிரிவு 19, சட்டத்துல ஒரு பார்வைக்கு 1 ரூபாய்னு தான் போட்டிருக்கு. காப்பியும் கேட்டு வாங்கலாம். பைலா, அதாவது சங்கத்தோட விதிகள், அங்க இருக்கும், பிரிவு 4படி வருஷா வருஷம் நிர்வாகிகள் லிஸ்ட் கொடுத்திருக்கணும். பல அசோசியேஷன் ஆரம்பிச்ச வருஷம் பதிவு பண்ணினதோட சரி, அப்புறம் ஒரு பேப்பரும் கொடுத்திருக்காது. உங்களோடது அப்படியான்னு அங்க போனா தெரிஞ்சுடும்.

தண்ணி விஷயம். குடிக்கற தண்ணி வாழ்ற உரிமைல சேர்ந்ததுன்னு அரசியல் சாசனம் 21ஐ வெச்சு சுப்ரீம் கோர்ட்டே பல தடவை சொல்லியிருக்கு. வயசான ரெண்டு பேர் இருக்கற வீட்டுக்கு வால்வை மூடிட்டு ஒரு அசோசியேஷன் கோர்ட்டுல போய் நின்னு பேச முடியாது. அப்படி மூடினா அன்னைக்கே போலீஸ்ல எழுதிக் கொடுங்க, அப்புறம் சிவில் கோர்ட்டுல தடை உத்தரவு கேக்கலாம். பாக்கிய வசூல் பண்ண கோர்ட்டு இருக்கு, வால்வு அதுக்கு வழி இல்ல.

ஜிஎஸ்டின்னு எதையாவது சேர்த்து பில் போட்டா அதையும் பாருங்க, ஒரு வீட்டுக்கு மாசம் 7500க்குள்ள இருந்தா அசோசியேஷன் சந்தாவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, உங்க 4320க்கு வராது.

கட்டட_இன்ஜினியர்_அரியாங்குப்பம்:

எல்லாரும் கணக்கு பத்தி பேசறீங்க, நியாயம் தான். நான் அந்த “தூண் ரிப்பேர்”ங்கற வார்த்தைய பாத்து தான் எழுதறேன். சகோதரி, தூணுக்கான காசை மட்டும் எதுக்காகவும் தள்ளிப் போடாதீங்க.

நம்ம ஊர் காத்துல உப்பு இருக்கு. உப்புல இருக்கற குளோரைடு மெல்ல மெல்ல கான்கிரீட்டுக்குள்ள இறங்கி கம்பியத் தொட்டதும் துரு ஆரம்பிக்கும், துரு பிடிச்ச கம்பி உப்பி பெருசாகி மேல இருக்கற காரைய தள்ளி விட்டுடும், அதுதான் நீங்க பார்க்கிங்ல பாக்கற வெடிப்பும் பேந்து விழற காரையும். கான்கிரீட்டுக்கான இந்திய தர விதி ஐஎஸ் 456ல கடலோர சூழலுக்கு எம்30ங்கற தரத்துல கான்கிரீட், கம்பிய மூடி 45 மில்லிமீட்டர் கான்கிரீட் கவர் கேக்குது. பழைய கட்டடங்கள்ல இங்க நான் உடைச்சுப் பாத்ததுல பாதிக்கு மேல அந்த கவர் கிடையாது. அதுக்கு மேல தானே புயல் 2011 டிசம்பர்ல, ஃபெஞ்சல் 2024 நவம்பர் கடைசில, அப்ப ஒரே நாள்ல பாண்டில 48 சென்டிமீட்டர் மழை, பார்க்கிங்ல நாள் கணக்கா தண்ணி நின்ன கட்டடம் எத்தனை.

அமெரிக்கால ஃப்ளோரிடா மாநிலத்துல மயாமி பக்கத்துல சர்ஃப்சைடுன்னு கடற்கரை ஊரு. அங்க 1981ல கட்டின 12 மாடி கட்டடம் ஒண்ணு 2021 ஜூன் 24 ராத்திரி இடிஞ்சு 98 பேர் செத்துப் போனாங்க. 2018லயே ஒரு இன்ஜினியர் கான்கிரீட் கெட்டுப் போனதை ரிப்போர்ட்ல எழுதியிருந்தார். ரிப்பேருக்கு ஒன்றரை கோடி டாலர், அதை வீட்டுக்காரங்க கிட்ட வசூல் பண்றதுல அசோசியேஷன்ல வருஷக் கணக்கா இழுபறி, போர்டுல இருந்தவங்க ராஜினாமா பண்ணிட்டு போனாங்க. கடைசில பணம் வசூலிக்க முடிவாகி வேலை முழுசா தொடங்கறதுக்குள்ள கட்டடம் விழுந்துடுச்சு. விழுந்ததுக்கு கட்டினப்பவே இருந்த டிசைன் குறையையும் சேர்த்துத் தான் விசாரிச்சாங்க, ஆனா அந்த மூணு வருஷம் வீணா போனது போனது தான். அதுக்கப்புறம் தான் ஃப்ளோரிடால 2022ல சட்டம் போட்டு பழைய உயரமான கட்டடங்களுக்கு கட்டாய சோதனை, ரிப்பேருக்குன்னு தனி ஃபண்டு எல்லாம் கொண்டு வந்தாங்க.

உங்களோடது நாலு மாடி, அந்த அளவு பயப்பட வேண்டாம். ஆனா நீங்க கேக்க வேண்டியது இது: பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பாத்து எழுதின ரிப்போர்ட் இருக்கா? இல்லாம பெயின்ட் கான்ட்ராக்டரே வந்து தூணுக்கு மேல சிமென்ட் பூசி கலர் அடிச்சுட்டு போனா உள்ள துரு அப்படியே இருக்கும், ரெண்டு மழைக்காலத்துல திரும்ப வெடிக்கும், உங்க 85,000 தண்ணில போன மாதிரி தான். கெட்டுப் போன காரைய முழுசா தட்டி எடுத்து, கம்பிய தேய்ச்சு, தேஞ்சு போன இடத்துல புது கம்பி சேர்த்து, பூச்சு கொடுத்து, அப்புறம் தான் மைக்ரோ கான்கிரீட். வரிசை தூண், அடுத்தது மொட்டை மாடி, கடைசில பெயின்ட். காசு பத்தலன்னா பெயின்ட்டை தள்ளி வைங்க.

மொட்டை மாடில வடாம் காயப் போட்டா வாட்டர் ப்ரூஃபிங் கெடும்னு யாராவது சொன்னா அது தப்பு. டிஷ் ஆன்டெனாவுக்கும் கொடிக் கம்பத்துக்கும் தரைல ட்ரில் போடறது தான் கெடுக்கும், அதை தடை பண்ணட்டும்.

வைசியாள்_வீதி_பொண்ணு:

எனக்கு இந்த கணக்கு வழக்கெல்லாம் விட அந்த லிஃப்ட் ரூல் தான் மனசை அறுக்குது. நம்ம வீட்டுக்குள்ள வந்து நம்ம அடுப்படில நின்னு நமக்கு சோறு ஆக்கித் தர்றவங்க, நம்ம குழந்தைய தூக்கி வெச்சுக்கறவங்க, அவங்க அந்த பெட்டிக்குள்ள நம்ம கூட ரெண்டு நிமிஷம் நிக்கக் கூடாதா? மெயின்டனன்ஸ் காரணம், கரண்ட் காரணம்னு என்ன சொன்னாலும் அடியில என்ன இருக்குன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், பழைய தெருப் பழக்கத்தை லிஃப்ட்டுக்குள்ள கொண்டு வந்து வைக்கறாங்க. கருவாடு ரூலும் அதே தான், கடற்கரை ஊர்ல உக்காந்துக்கிட்டு கருவாட்டு வாசனைக்கு ஃபைன் போட ஒரு அசோசியேஷனுக்கு என்ன அருகதை இருக்கு.

நீங்க அந்த அக்காவ உங்க கூடவே லிஃப்ட்ல கூட்டிட்டு போங்க, தினமும். உங்க அம்மாவும் போகட்டும். யாராவது கேட்டா எங்க வீட்டுக்கு வர்றவங்க, நாங்க லிஃப்ட்டுக்கும் சேர்த்து தான் காசு கட்டறோம்னு சொல்லுங்க. எங்க அபார்ட்மென்ட்ல நாலஞ்சு பெண்கள் சேர்ந்து இதைத்தான் செஞ்சோம், கொஞ்ச நாள்ல அந்த போர்டை யாரோ கழட்டிட்டாங்க, இப்ப யாரும் பேசறதில்ல.

நாய் வளக்கறவங்களுக்கும் சேர்த்து சொல்றேன், விலங்குகள் நல வாரியம் 2015லயே சொல்லிடுச்சு, அசோசியேஷன் மெஜாரிட்டி ஓட்டு போட்டா கூட நாய் வளக்கக் கூடாதுன்னு தடை பண்ண முடியாது, லிஃப்ட்ல ஏத்தக் கூடாதுன்னும் சொல்ல முடியாது. நாய்க்கு எழுத்துல இருக்கற இடம் நம்ம வீட்ல வேலை செய்யற மனுஷிக்கு இல்லாம போறது எவ்வளவு கொடுமை பாருங்க.

பாரிஸ்_புறநகர்_பாண்டிக்காரன்:

நான் பிறந்தது குருசுக்குப்பம், இப்ப இருபது வருஷத்துக்கு மேல ஃப்ரான்ஸ்ல. இங்கயும் அபார்ட்மென்ட் தான், பாண்டிலயும் ஒரு ஃப்ளாட் இருக்கு, அதனால ரெண்டு பக்கமும் பணம் கட்டறேன்.

இங்க 1965 ஜூலை 10ம் தேதி சட்டம்னு ஒண்ணு, எல்லா அபார்ட்மென்ட்டும் அதுக்குள்ள தான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆயிரத்துல இத்தனை பங்குன்னு எழுதியிருக்கும், ஓட்டும் அந்த பங்கு கணக்கு, செலவும் அந்த பங்கு கணக்கு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது பொதுக்குழு கூட்டியே ஆகணும், 21 நாளைக்கு முன்னாடியே நோட்டீஸ் வீட்டுக்கு வரும், அதோட கணக்கும் கான்ட்ராக்டர் கொட்டேஷனும் சேர்ந்தே வரும். நோட்டீஸ்ல இல்லாத விஷயத்துக்கு அன்னைக்கு ஓட்டு எடுக்க முடியாது. எதிர்த்து ஓட்டு போட்டவங்களுக்கு கோர்ட்டுக்கு போக ரெண்டு மாசம் டைம். பெரிய ரிப்பேருக்குன்னு வருஷ பட்ஜெட்ல குறைஞ்சது 5 சதவீதம் தனி ஃபண்டுல சேர்க்கணும்னு 2017ல இருந்து கட்டாயம் ஆக்கிட்டாங்க. இவ்வளவு இருந்தும் இங்க சண்டை இல்லாம இல்ல, மேனேஜ் பண்ற சேன்டிக் கம்பெனி ரொம்ப வாங்கறான்னு எல்லா கூட்டத்துலயும் கூச்சல் தான். ஆனா பேப்பர் கைல இருக்கும், எதை வெச்சு சண்டை போடறோம்னு தெரியும்.

முக்கியமா சொல்ல வந்தது ப்ராக்ஸி, அதாவது வர முடியாதவங்க ஓட்டை அவங்க சார்பா இன்னொருத்தர் போடறது. பாண்டி அபார்ட்மென்ட்ல நிறைய ஓனருங்க என்னை மாதிரி ஃப்ரான்ஸ்லயோ சிங்கப்பூர்லயோ இருப்பாங்க, அவங்க ஓட்டெல்லாம் செக்ரட்டரி கைல ப்ராக்ஸியா இருக்கும், அவர் ஒருத்தரே பத்து ஓட்டு போடுவார். இங்க ஃப்ரான்ஸ்ல ஒருத்தர் பொதுவா மூணு ப்ராக்ஸிக்கு மேல வெச்சுக்க முடியாது. உங்க பைலாவுல ப்ராக்ஸி பத்தி என்ன எழுதியிருக்குன்னு முதல்ல பாருங்க, அப்புறம் வெளிநாட்டுல இருக்கற ஓனருங்க நம்பரை தேடிப் பிடிச்சு நேரா பேசுங்க. எங்களுக்கு செக்ரட்டரி சொல்றது மட்டும் தான் காதுல விழுது, அங்க என்ன நடக்குதுன்னு யாராவது ஃபோட்டோவோட அனுப்பினா கண்டிப்பா கேப்போம், அது எங்க சொத்தும் தான்.

புதுப்பாளையம்_கடலூர்:

பாண்டி நண்பர்களுக்கு கடலூர்ல இருந்து. உங்களுக்கு அசோசியேஷன் தொல்லை, எங்களுக்கு அசோசியேஷனே இல்லாத தொல்லை. எட்டு வீடு, ரெண்டு மாடி, லிஃப்ட் கிடையாது, வீட்டுக்கு 600 ரூபாய் கீழ் வீட்டு அம்மா வசூல் பண்ணி மோட்டார் கரண்ட் பில்லு கட்டுவாங்க, நோட்டுல எழுதி வெப்பாங்க. 2022 செப்டம்பர்ல காமன் சர்வீஸை தனி டேரிஃப்ல போட்டு யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆக்கினப்ப பில்லு எகிறிடுச்சு, அப்புறம் 2023 அக்டோபர்ல பத்து வீட்டுக்குள்ள, மூணு மாடிக்குள்ள, லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்கு 5.50ன்னு குறைச்சாங்க. அதுக்கு மின்வாரிய ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கக் கூட யாரும் முன்ன வரல, யாருக்கும் பொறுப்பில்ல பாருங்க. அந்த அம்மா தான் ஆட்டோ பிடிச்சு போய் கொடுத்தாங்க.

ஃபெஞ்சல் முடிஞ்சு சாத்தனூர் அணை திறந்து விட்டு தென்பெண்ணைல தண்ணி வந்தப்ப சம்ப்ல எல்லாம் சேறு. சுத்தம் பண்ணி மோட்டாரை மாத்த வீட்டுக்கு 4500 கேட்டா, மேல் மாடிக்காரங்க எங்களுக்கு வெள்ளம் வரலையே நாங்க ஏன் கட்டணும்னு கேட்டாங்க. அந்த சம்ப்ல இருந்து தான் அவங்க வீட்டுக்கும் தண்ணி ஏறுது! கைல ஒரு சேமிப்பு இல்ல, கூப்பிட்டு வெச்சு பேச ஒரு மீட்டிங் இல்ல. பேப்பர்ல ஒரு சங்கம் இருக்கறதே பெரிசு, அதை உடைக்காம சரி பண்ணப் பாருங்க.

லாஸ்பேட்டை_வாசி:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா வரும்னு எதிர்பாக்கல. பிரிவு 15 விஷயத்தை தம்பிக்கு படிச்சு காட்டினேன், அவனே இப்ப கட்டிடுன்னு சொல்றான். ஏப்ரல் மாச பணம் எதிர்ப்போட கட்டிட்டேன், ரசீது வாட்ச்மேன் கைல கொடுத்தனுப்பினாங்க. அக்கா இன்னைக்கு அம்மா கூட லிஃப்ட்ல வந்தாங்க, ரெண்டாவது மாடிக்காரர் முறைச்சார், ஆனா ஒண்ணும் சொல்லல.

பார்க்கிங்ல போய் தூணையும் பாத்தேன் இன்ஜினியர் சார், மூணு தூண்ல கீழ்ப்பக்கம் நீளமா வெடிப்பு, ஒண்ணுல கம்பியே தெரியுது. ஃபோட்டோ எடுத்து வெச்சிருக்கேன். அந்த வீக்கெண்ட் வாடகை விஷயத்துக்கு மட்டும் யாரும் சொல்லல, அதையும் சொல்லுங்க. அப்புறம் பொதுக்குழு கூட்டச் சொல்லி லெட்டர் கொடுக்கணும்னா எப்படி எழுதறது?

முத்தியால்பேட்டை_ட்ரெஷரர்:

வீக்கெண்ட் வாடகைய முழுசா தடை பண்ணப் பாத்தா சண்டை தான் பெருசாகும், அந்த 9 பேரும் ஒண்ணா எதிர்ப்பாங்க. எங்க அபார்ட்மென்ட்ல நாங்க செஞ்சது ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் தண்ணி மீட்டர். மொட்டை மாடி டேங்க்ல இருந்து இறங்கற லைன்ல வெச்சோம், சில வீட்டுக்கு ரெண்டு லைன் இருந்ததால ரெண்டு மீட்டர் ஆச்சு. ஒரு அளவு வரைக்கும் மெயின்டனன்ஸ்ல அடக்கம், அதுக்கு மேல போனா லிட்டர் கணக்குல காசு, டேங்கர் பில்லு முழுக்க அதுல இருந்தே வந்துடுது. பொதுக்குழுவுல ஓட்டு போட்டு பாஸ் பண்ணினோம், இப்ப எங்க அபார்ட்மென்ட்ல டூரிஸ்ட்டுக்கு வீடு விடறவங்களே கெஸ்ட்டுக்கு தண்ணிய பாத்து செலவு பண்ணுங்கன்னு போர்டு வெச்சிருக்காங்க. வெளிநாட்டு கெஸ்ட் வந்தா 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்தை அரசாங்கத்துக்கு ஆன்லைன்ல பதிவு பண்ணணும், முன்ன சி ஃபார்ம்னு சொல்லுவாங்க, ஹோட்டல் மட்டும் இல்ல வீடு விடறவங்களுக்கும் அது கட்டாயம், அதை பண்றாங்களான்னு கமிட்டி கேட்டே ஆகணும்.

பைலா_படிச்சவன்:

லெட்டர் சின்னதா இருக்கட்டும், கோவம் எதுவும் அதுல வேண்டாம். பைலாவுல எத்தனை மெம்பர் கையெழுத்து போட்டா சிறப்பு பொதுக்குழு கூட்டணும்னு ஒரு எண் இருக்கும், அதை பாத்துட்டு அதுக்கு மேல நாலஞ்சு கையெழுத்து கூடவே வாங்குங்க, கடைசி நேரத்துல ஒருத்தர் ரெண்டு பேர் பின்வாங்குவாங்க. கையெழுத்து போடறவங்க யாருக்கும் பாக்கி இல்லையான்னு முன்னாடியே பாத்துடுங்க. நிகழ்ச்சி நிரல்ல நாலே விஷயம் போடுங்க: போன மூணு வருஷ வரவு செலவும் ஆடிட் ரிப்போர்ட்டும் வைக்கணும், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ரிப்போர்ட் வாங்கிட்டு தான் 30 லட்சம் வேலை தொடங்கணும், வசூல் பிரிக்கப்படாத பாகத்தோட விகிதத்துல இருக்கணும், லிஃப்ட் தடையும் 500 ரூபாய் ஃபைனும் ரத்து. தண்ணி மீட்டரை அஞ்சாவதா சேர்க்கணும்னா சேருங்க, ஆனா கமிட்டில இருக்கற அந்த ரெண்டு பேரையும் முதல் நாளே மொத்தமா எதிர்ல நிக்க வைக்கறதா வேண்டாமான்னு யோசிச்சுக்கோங்க, நான்னா அதை அடுத்த கூட்டத்துக்கு வெப்பேன்.

ரெண்டு காப்பி எடுத்து ஒண்ணுல செக்ரட்டரி கையெழுத்து தேதியோட வாங்குங்க. வாங்க மறுத்தா அதே நாள்ல அவர் பேருக்கும் ப்ரெசிடென்ட் பேருக்கும் ஸ்பீட் போஸ்ட் போட்டு ரசீதை வெச்சுக்கோங்க, பதிவாளர் ஆபீஸுக்கும் ஒரு நகல் போகட்டும். தூண் ஃபோட்டோவ கட்டாயம் இணைங்க.

கட்டட_இன்ஜினியர்_அரியாங்குப்பம்:

கம்பி தெரியற அந்த தூணுக்கு பக்கத்துல கார் நிறுத்தறவங்களை இன்னைக்கே வேற இடத்துல நிறுத்தச் சொல்லுங்க, மீட்டிங் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஃபோட்டோல அளவு தெரியற மாதிரி ஒரு ஸ்கேல் வெச்சு திரும்ப எடுங்க, வெடிப்போட ரெண்டு முனைலயும் பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதி வைங்க, வளருதான்னு தெரியும். இங்கயே போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.